அலைடு கணிதத்தில் பாதி வகுப்பு அரியர்: ஆறு பேர் கொண்ட குழு எங்கிருந்து தொடங்குவது?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் துறைகளின் முதலாண்டு மாணவர்களுக்கு எங்கள் துறை நடத்தும் அலைடு கணிதத் தாளில் ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேர் அரியர் வைக்கிறார்கள். அந்த அரியரை மூன்றாம் ஆண்டு வரை சுமந்து சென்று, மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியும் பட்டம் வாங்க முடியாமல் நிற்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பாடத்தை நடத்துவது எங்கள் துறை, மாணவர்களோ பிற துறையினர். எனவே தேர்ச்சி விழுக்காடு பேசப்படும் கூட்டங்களில் அந்தத் துறையினர் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் “பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை” என்போம், கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விடும்.

இந்த ஆண்டு முதல்வர் ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து என்னை ஒருங்கிணைப்பாளராக நியமித்திருக்கிறார். கணிதத்தில் இருவர், இயற்பியல், கணினி அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒவ்வொருவர், மாணவர் ஆலோசகர் ஒருவர். முதலாண்டுக் கற்பித்தலிலும் மாணவர்களுக்கான துணையிலும் ஓராண்டுக்குள் மாற்றம் கொண்டுவர வேண்டும் என்பது அவர் இட்ட பணி. அவருடைய அக்கறை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனக்கு இருக்கும் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் டியூட்டர்-வார்டு முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபது மாணவர்கள், அவர்களுக்கென ஒரு பதிவேடு. குழுவின் முதல் வேலையாகப் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். ஒன்றில் இருபது பக்கங்களிலும் “நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது” என்ற ஒரே வரி, ஒரே நாள் தேதியுடன், ஒரே பேனா மையில் இருந்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரத்துத் தேதி அது. அந்த இருபது பேரில் ஒருவர் அடுத்த பருவத்தில் படிப்பை நிறுத்திவிட்டார் என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன். அவருடைய பக்கத்திலும் அதே வரிதான் இருந்தது. எங்கள் குழுவின் உழைப்பும் இப்படி ஒரு கோப்பாக முடிந்துவிடக் கூடாது.

எதை முதலில் எடுப்பது? இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் முறையில் நடத்திவரும் மூத்த ஆசிரியர்களை மனம் நோகாமல் எப்படி உடன் அழைத்துவருவது? முதல்வரிடம் தொடக்கத்திலேயே எவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது? இத்தகைய குழுக்களில் இருந்தவர்களின் அனுபவம் எனக்கு வேண்டும்.

சாக்பீஸ் எழுதியது:

வணக்கம். உங்களுடையதைப் போன்ற குழு ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். முதல் ஆண்டை நாங்கள் வீணாக்கினோம். எப்படி வீணாக்கினோம் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

தோல்விக்குக் காரணம் எங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு நேராகத் தீர்வுக்குப் போனதுதான் பிழை. பின்தங்கிய மாணவர்களைப் பிரித்தெடுத்து, முதல் ஷிஃப்ட் முடிந்தபின் பிற்பகல் 2 மணிக்கு ரெமிடியல் வகுப்பு வைத்தோம். பெயர்ப் பட்டியலில் நாற்பது பேர். முதல் வாரம் பதினைந்து பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் நான்கு பேர். பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று நாங்களே குறிப்பும் எழுதினோம். பிறகு எங்கள் குழுவில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், அந்த நாற்பது பேரில் பன்னிரண்டு பேரைத் தனித்தனியாக மரத்தடியில் உட்காரவைத்து, அன்றாடம் காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிவந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்லும் மகளிர் கட்டணமில்லா நகரப் பேருந்து 1.50க்குப் புறப்படும், அதை விட்டால் அடுத்தது மாலை ஐந்தரைக்குத்தான் என்று ஐந்து மாணவியர் ஒரே விடையைச் சொல்லியிருந்தார்கள். மாணவர்களில் நால்வர் மூன்று மணிக்கு ஜவுளிக்கடையிலும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையிலும் வேலைக்கு நிற்க வேண்டியவர்கள். அக்கறையில்லை என்று நாங்கள் எழுதியவர்கள், பேருந்து நேரத்தையும் முதலாளியின் கடிகாரத்தையும் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். இன்றும் அந்தக் குறிப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவதாக நாங்கள் கண்டது மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மாணவி ஒருவர் அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வினாவுக்குத் தாளை வெறுமையாக விட்டிருந்தார். அந்த வினா ஒரு டிட்டர்மினன்ட்டின் மதிப்பைக் காண்பது. ஆசிரியர் அறையில் அவரை அழைத்து, “அணிக்கோவையின் மதிப்பைக் காண்க” என்று அதே வினாவைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது, நின்றவாறே மூன்று நிமிடத்தில் போட்டு முடித்தார். அவருக்குக் கணிதம் தெரிந்திருந்தது, அதன் புதிய பெயர்தான் தெரியவில்லை. அன்று மாலையே வகைக்கெழு, தொகையீடு, கலப்பெண், நேர்மாறு அணி, அணியின் தரம் என முதல் பருவத்துக்குத் தேவையான எண்பது சொற்களை இரு பத்திகளில் தட்டச்சு செய்து, ஒரே தாளின் இரு பக்கங்களில் நகலெடுத்துக் கொடுத்தோம். முதல் ஆறு வாரங்களுக்கு அந்தத் தாளைத் தேர்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளவும் அனுமதித்தோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் செய்தவற்றுள் செலவே இல்லாததும் பலன் மிகுந்ததும் அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் ரெமிடியல் வகுப்பையே நிறுத்திவிட்டு, வாரத்தில் ஐந்து மணி நேர அலைடு வகுப்பில் ஒரு மணி நேரத்தைக் கணக்குப் போடும் நேரமாக மாற்றினோம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதமாட்டார். மாணவர்கள் நான்கு நான்கு பேராக அமர்ந்து போடுவார்கள், ஆசிரியரும் முதுகலை மாணவர்கள் இருவரும் வரிசைகளுக்கிடையே நடந்து பார்ப்பார்கள். கால அட்டவணைக்குள் இருந்ததால் பேருந்தும் தவறவில்லை, பின்தங்கியவர் என்ற முத்திரையும் யார்மேலும் விழவில்லை.

மூத்த ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் துறையில் மிகக் கடுமையாக எதிர்த்தவரிடம் மாற்றத்தின் தேவையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வெறுமையான விடைத்தாளையும், அதே மாணவி தமிழில் போட்ட கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டினோம். சொற்பட்டியலில் பிழை திருத்திக் கொடுத்தவர் பின்னர் அவர்தான்.

தொடுவானம் எழுதியது:

சாக்பீஸ் சொன்னதைப் படித்தபோது, அமெரிக்காவின் பெர்க்கிலியில் 1970களில் யூரி டிரைஸ்மன் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அங்கே கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் என்னவென்று ஆசிரியர்களைக் கேட்டபோது ஊக்கமின்மை, பள்ளிக்கல்வியின் குறை, வீட்டில் ஆதரவின்மை, வறுமை என்று நம் ஆசிரியர் அறைகளில் கேட்கும் அதே விடைகள்தாம் வந்தன. அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் பல மாதங்கள் உடனிருந்து கவனித்தார். அந்தக் காரணங்கள் எவையும் நிற்கவில்லை. சீன வம்சாவளி மாணவர்கள் மாலையில் கூடி ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். மற்றவர்கள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தார்கள், எங்கே தவறு செய்கிறோம் என்பதைச் சொல்ல அருகில் யாரும் இல்லை. அவர் அமைத்த பயிற்சி வகுப்பு பின்தங்கியோருக்கான வகுப்பாக இருக்கவில்லை. வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடவைத்தது. உங்கள் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வகுப்பின் வடிவத்தைவிட, அதற்கு முன்பு அவர் செலவிட்ட அந்த மாதங்களைத்தான் என்பேன்.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை ஓர் எண் உங்களுக்கு உதவும். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. விரிவுரை மட்டுமே நிகழ்ந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றிருந்தார்கள். மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டும் விவாதித்தும் கற்ற வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. சாக்பீஸின் ஒரு மணி நேர மாற்றம் இவ்வகையைச் சேர்ந்தது.

குழுவை நடத்துவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்திலும் பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அறிவியல் கற்பித்தலை மாற்றும் பெருந்திட்டத்தை நடத்தினார். ஆர்வமுள்ள ஆசிரியர்களைத் தனித்தனியாகப் பிடித்துப் பயிற்சி தருவதைவிடத் துறையையே அலகாகக் கொண்டார். பணம் துறைக்குச் சென்றது. ஒரு பாடத்தின் முடிவில் மாணவர்களால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதைத் துறை ஆசிரியர்கள் கூடி முடிவு செய்தார்கள். அந்தத் துறையிலேயே முனைவர் பட்டம் பெற்று, கற்பித்தல் முறைகளிலும் பயிற்சி பெற்ற ஒருவர் துறைக்குள்ளேயே அமர்ந்து ஆசிரியர்களுடன் சேர்ந்து பாடம் பாடமாகத் திருத்தினார். தனி ஒருவர் கொண்டுவரும் மாற்றம் அவர் விடுப்பில் போனால் போய்விடும். தாள் துறையின் சொத்தாக இருந்தால் அடுத்து வருபவரும் அதையே நடத்துவார்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப் என்ற மாணவர் துணைத் திட்டத்தையும் சொல்லியாக வேண்டும். குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டத்துக்கு வெளியே 22 விழுக்காடு, திட்டத்துக்குள் 40 விழுக்காடு. குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களை வைத்திருக்கும் ஆலோசகர், பாடநூல் செலவு ஆகியவற்றோடு, அந்தத் திட்டம் மாணவர்களுக்குப் போக்குவரத்து அட்டையையும் இலவசமாகத் தந்தது. திட்டத்தில் பங்கேற்பவருக்கே அட்டை உண்டு. ஊர் எதுவானாலும் பேருந்து ஒரு கல்விப் பொருள்தான்.

முல்லைக்கொடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேருந்து நேரத்தைப் பற்றி எங்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்த்ததில்லை. நாளை முதல் ஆளுக்கு ஐந்து மாணவர்களிடம் பேசுவதென்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். தமிழ்வழி மாணவர்களின் சென்ற பருவ விடைத்தாள்களையும் பார்க்கப் போகிறோம். ஆனால் குழுவில் ஆறு பேருக்கும் முழு வகுப்புச் சுமை இருக்கிறது. சந்திக்க நேரம் கிடைப்பதே அரிது. முதல்வரிடம் என்ன கேட்பது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

ஓய்வுபெற்ற முதல்வர் எழுதியது:

அம்மா, நான் எட்டு ஆண்டுகள் முதல்வராகவும் அதற்கு முன் தேர்வுக் கட்டுப்பாட்டாளராகவும் இருந்தவன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: முதல்வர்கள் குழுக்களை எளிதாக அமைத்துவிடுவோம், ஏனென்றால் குழு அமைப்பதற்குக் கையொப்பம் போதும். அந்தக் குழுவுக்கு நேரம் கொடுப்பதற்குத்தான் வேறொருவரிடமிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கேட்காவிட்டால் நாங்களாகத் தரமாட்டோம்.

முதலில் நேரத்தைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அந்தப் பதினாறைத் தொடுவது அரசு உதவி பெறும் கல்லூரியில் எளிதன்று, பணியிடக் கணக்கே அதன்மேல் நிற்கிறது. ஆனால் தேர்வுக்கூட மேற்பார்வை, விழாக் குழுக்கள், சேர்க்கைப் பணி ஆகியவற்றிலிருந்து ஆறு பேரையும் ஓராண்டுக்கு விடுவிப்பது முதல்வரின் கையில் இருக்கிறது. கால அட்டவணை போடும்போதே ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் காலியாக இருக்கும்படி கேளுங்கள். ஜூன் மாதத்தில் அது ஐந்து நிமிட வேலை, ஆகஸ்டில் நடக்கவே நடக்காது.

இரண்டாவதாக, தன்னாட்சி என்பதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அகமதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் தீர்மானிக்கலாம். தன்னாட்சி பெற்ற பின்னும் பழைய பல்கலைக்கழக வினாத்தாள் வடிவத்தையே வைத்திருக்கும் துறைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அது எனக்கு எப்போதும் ஆற்றாமையாகவே இருந்தது. மூன்று பெரிய அகத்தேர்வுகளுக்குப் பதிலாக, முதல் மூன்று வாரங்களுக்குள் ஒரு சிறு தேர்வு வையுங்கள். மதிப்பெண் மிகக் குறைவாக இருக்கட்டும், யார் திணறுகிறார் என்பது தெரிந்தால் போதும். இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் முதல் அகத்தேர்வின் மதிப்பெண் டியூட்டர் கைக்கு வரும்போது பருவத்தின் பாதி முடிந்திருக்கிறது. பருவத்துக்குத் தொண்ணூறு வேலை நாள்கள்தாம். நாற்பத்தைந்தாம் நாள் தெரியவருவதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது. பாடத்திட்டக் குழுவின் கூட்டம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் நடக்கும் என்பதால், அடுத்த கூட்டத் தேதியை இன்றே கேட்டு, உங்கள் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் முதல்வர் மாறினாலும் அது நிற்கும்.

மூன்றாவது, நீங்கள் கேட்காத ஒன்று. வார்டு பதிவேட்டை ஒழிக்கச் சொல்லாதீர்கள், தர மதிப்பீட்டுக்கு டியூட்டர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கு தேவைப்படுகிறது. ஆனால் “அறிவுறுத்தப்பட்டது” என்று எழுதும் இடத்தை நீக்கிவிட்டு, மூன்றே கேள்விகளை அச்சிடச் சொல்லுங்கள்: எப்படி வந்து போகிறார், கல்வி உதவித்தொகை வந்ததா, எந்தத் தாள் அச்சமூட்டுகிறது. என் காலத்தில் ஒரு மாணவிக்குப் பல மாதங்கள் உதவித்தொகை வரவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததுதான் காரணம். டியூட்டர் அவரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார், ஒரே காலைப் பொழுதில் முடிந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயும் நின்றுபோனால் மாணவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை, வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். இலங்கைப் பல்கலைக்கழகமொன்றில் விஞ்ஞான பீட விரிவுரையாளராக இருக்கிறேன். எங்களிடமும் மொழிச் சிக்கல் இதே அளவுக்கு உண்டு. உயர்தரப் பரீட்சை வரை தமிழிலேயே இரசாயனமும் கணிதமும் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள், முதலாம் வருடத்தில் ஆங்கில மூல விரிவுரைக்குள் நுழைந்ததும் வாயடைத்துப்போகிறார்கள். சாக்பீஸின் சொற்பட்டியலோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத் துறை ஆசிரியரைக் கணித வகுப்பின் பின்வரிசையில் இரண்டு வாரங்கள் உட்காரவிடுங்கள். எங்கள் பீடத்தில் அப்படி உட்கார்ந்தவர், தாம் அதுவரை நடத்திவந்த ஆங்கிலப் பாடத்தில் இருந்த கடிதம் எழுதும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, “எனவே”, “எனக் கொள்க”, “அவ்வாறாயின் மட்டுமே” போன்றவற்றுக்குரிய ஆங்கிலத் தொடர்களை எடுத்துப் பாடமாக்கினார். கணிதத்தில் பிள்ளைகள் தடுமாறுவது கலைச்சொற்களில் மட்டுமல்ல, ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு இணைக்கும் இந்தச் சிறு தொடர்களிலும்தான்.

உங்கள் குழுவில் மாணவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்தேன். அரியர் வைத்துப் பின்னர் தேறிய இரண்டாம், மூன்றாம் வருட மாணவர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேராசிரியர்கள் முன்னிலையில் அவர்கள் பேசத் தயங்குவார்கள். ஆகையால் முதற்பத்து நிமிடங்களை அவர்களுக்கென்று ஒதுக்கி, அவர்கள் பேசி முடிக்கும் வரை ஒருவரும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்களைத் துணையாக நியமிக்கும்போது மாத்திரம் மிகுந்த கவனம் வேண்டும். இங்கே பகிடிவதையை (ராகிங்கை) 1998இல் சட்டம் போட்டுத் தடைசெய்தும் அதன் நிழல் முற்றாக நீங்கவில்லை. துணை என்ற பெயரில் மூத்தவர்களுக்கு அதிகாரம் போய்ச் சேராதபடி, அந்தச் சந்திப்புகள் நூலகத்திலோ வகுப்பறையிலோ பகல் நேரத்தில், விரிவுரையாளர் ஒருவர் அருகில் இருக்க நடக்கட்டும்.

முல்லைக்கொடி எழுதியது:

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயா சொன்னபடி கேட்டதில், புதன்கிழமை மூன்றாம் மணி நேரம் ஆறு பேருக்கும் காலியாகக் கிடைத்துவிட்டது. தேர்வுக்கூட மேற்பார்வையிலிருந்தும் விலக்கு உண்டு. மூன்றாம் வாரச் சிறு தேர்வு பாடத்திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறியிருக்கிறது. மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி ஒருவரும் கணினி அறிவியல் மாணவர் ஒருவரும் குழுவில் சேர ஒப்புக்கொண்டார்கள்.

முப்பது மாணவர்களிடமும் பேசி முடித்துவிட்டோம். எங்கள் ஊரில் பேருந்து பெரிய சிக்கலாக இல்லை. அவர்களில் பதினொரு பேர் வேறொன்றைச் சொன்னார்கள்: அலைடு பாடநூல் நூலகத்தில் நான்கு படிகள்தாம் இருக்கின்றன, அவையும் வெளியே எடுத்துச்செல்லத் தரப்படுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தாளை நடத்திய எனக்கு இது தெரியாது. நாளை காலை நூலகரைச் சந்திக்கிறேன். சாக்பீஸ், உங்கள் எண்பது சொற்களின் பட்டியல் இன்னும் உங்களிடம் இருந்தால், இங்கேயே பதிவிட்டு உதவுவீர்களா?